இல்லத்துப் பிள்ளைகளும் இரண்டு வார வாலண்டியர்களும்

அப்பா இறந்து அம்மா இருக்கிற பிள்ளையை நம் ஊரில் யாரும் அனாதை என்று சொல்ல மாட்டார்கள். ‘தகப்பன் இல்லாத பிள்ளை’ என்பார்கள். அம்மா போய் அப்பா இருந்தால் ‘தாயில்லாப் பிள்ளை’. இருவரும் போன பிறகும் பாட்டியோ தாய்மாமனோ சித்தியோ எடுத்து வளர்த்தால், அந்தப் பிள்ளையை அப்படிக் கூப்பிட நமக்கு நாக் கூசும். யாருமே இல்லை என்று ஆன பிறகுதான் அந்தச் சொல் வாயில் வரும்.

ஐ.நா.வின் குழந்தைகள் நிதியமான யுனிசெஃப் எண்ணும் முறை வேறு. பெற்றோரில் ஒருவரை இழந்தாலே அந்தக் குழந்தை அனாதைக் கணக்கில் வந்துவிடும். 2015-ஆம் ஆண்டுக்கு அது சொன்ன கணக்குப்படி உலகில் இப்படிப்பட்ட குழந்தைகள் சுமார் 14 கோடிப் பேர். அவர்களில் தாய், தந்தை இருவரையும் இழந்தவர்கள் ஏறத்தாழ 1.5 கோடிப் பேர்தான். அந்தக் குழந்தைகளிலும் மிகப் பெரும்பாலோர் தாத்தா பாட்டியிடமோ மற்ற உறவினரிடமோ வளர்கிறார்கள். ‘14 கோடி அனாதைகள்’ என்ற வரியைப் படிக்கிறவர்கள் மனதில் எழும் படம் மட்டும் அழுக்குச் சட்டையுடன் தெருவில் தனியே நிற்கும் ஒரு குழந்தையின் படம். பல நாட்டு இளைஞர்கள் விமானம் ஏறுவது அந்தப் படத்தை நம்பித்தான்.

என் அக்கா மகள் மெல்பர்னில் படிக்கிறாள். செமஸ்டர் விடுமுறையில் இரண்டு வாரம் கம்போடியாவில் ஓர் அனாதை இல்லத்தில் சேவை செய்யப் போவதாகவும், பணம் கட்டப் போவதாகவும் சொன்னாள். அவள் நல்ல மனசுக்காரி. சின்ன வயதிலிருந்தே பிள்ளைகள் அவளோடு ஒட்டிக்கொள்ளும். போகாதே என்று ஒற்றை வார்த்தையில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சில நாட்கள் அவள் கேட்கக் கேட்க நான் சொன்னதையும், சொல்வதற்காகத் தேடிப் படித்ததையும் இங்கே எழுதுகிறேன். இதுவரை இந்த விஷயத்தைப் பற்றி யோசித்தே பார்க்காதவர்களுக்கு இது உதவும் என்று நம்புகிறேன்.

முதலில், இந்தப் பயணம் என்றால் என்ன? ஆஸ்திரேலியா, பிரிட்டன், அமெரிக்கா, ஐரோப்பா போன்ற இடங்களிலிருந்து மாணவர்களும் வேலையிலிருந்து சில வாரம் விடுப்பு எடுத்தவர்களும் கம்போடியா, நேபாளம், கென்யா, உகாண்டா, ஹைட்டி போன்ற நாடுகளுக்குப் போய் அனாதை இல்லங்களில் தங்கியோ பகலில் வந்துபோயோ பிள்ளைகளோடு இருப்பார்கள். ஆங்கிலம் சொல்லித் தருவார்கள், விளையாடுவார்கள், சுவருக்கு வண்ணம் அடிப்பார்கள். இடையில் கோயில், காடு, மலை பார்ப்பார்கள். ஏஜென்சி ஒன்று எல்லாவற்றையும் ஏற்பாடு செய்யும். அதற்குக் கட்டணம் உண்டு. தொண்டும் சுற்றுலாவும் கலந்த இதற்கு ‘வாலண்டூரிசம்’ என்று பெயர். மரம் நடுவது, ஆமை முட்டை காப்பது என்று இதில் பல வகை இருக்கின்றன. அவற்றைப் பற்றி நான் பேசவில்லை. இல்லத்துப் பிள்ளைகளைத் தேடிப் போவது மட்டும்தான் இங்கே பேச்சு.

உள்ளே இருக்கும் பிள்ளைகள் யார்?

கம்போடியாவிலிருந்தே தொடங்கலாம். கெமர் ரூஜ் என்ற கம்யூனிஸ்ட் இயக்கத்தின் ஆட்சியில், 1975 முதல் 1979 வரை, அந்த நாட்டில் ஏறத்தாழ 17 லட்சம் பேர் மாண்டார்கள் என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு. அப்போது உண்மையிலேயே ஆயிரக்கணக்கான பிள்ளைகள் யாருமற்றுப் போனார்கள். கம்போடியா என்றதும் அனாதைகள் நினைவுக்கு வருவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் 2005-இல் பத்து வயதாக இருந்த பிள்ளை 1995-இல் பிறந்தது. அந்தப் படுகொலைக்கும் அதற்கும் நேரடித் தொடர்பு கிடையாது.

2005-இல் கம்போடியாவில் 154 இல்லங்கள் இருந்தன. 2010-இல் 269. ஐந்து வருடத்தில் 75 சதவீதம் கூடிவிட்டது. அந்த ஐந்து வருடத்தில் போர் இல்லை, பஞ்சம் இல்லை. கூடியது சுற்றுலாப் பயணிகளின் எண்ணிக்கை. 2005-இல் சுமார் 14 லட்சம் பேர் வந்தார்கள், 2010-இல் சுமார் 25 லட்சம் பேர். இல்லங்கள் பெருகியதும் பெரும்பாலும் தலைநகர் நோம் பென், அங்கோர் வாட் கோயிலுக்குப் பக்கத்து ஊரான சியெம் ரீப் போன்ற வெளிநாட்டவர் நடமாடும் இடங்களில்தான். அரசும் யுனிசெஃபும் சேர்ந்து செய்து 2011-இல் வெளியான ஆய்வு, இந்த இல்லங்களில் இருந்த பிள்ளைகளில் 77 சதவீதம் பேருக்குப் பெற்றோரில் ஒருவராவது உயிரோடு இருப்பதாகக் கண்டது. அதாவது நான்கில் மூன்று பேருக்கு மேல்.

பிறகு ஏன் இல்லத்தில் விட்டார்கள்? இந்தக் கேள்விக்குப் பதில் நமக்குத் தெரிந்ததுதான். பள்ளிக்கூடம் தூரம். சீருடைக்கும் டியூஷனுக்கும் பணம் இல்லை. அப்பா எல்லை தாண்டித் தாய்லாந்துக்கு வேலைக்குப் போயிருப்பார். அம்மா நோயாளியாக இருப்பார். அப்போது ஒருவர் வந்து, “நகரத்தில் ஓர் இல்லம் இருக்கிறது, வெள்ளைக்காரர்கள் இங்கிலீஷ் சொல்லித் தருகிறார்கள், மூன்று வேளைச் சாப்பாடு, உன் பிள்ளை படித்துப் பெரிய ஆளாகும்” என்கிறார். பிள்ளையை அனுப்புகிற தாயை நான் குறை சொல்ல மாட்டேன். நம் கிராமங்களில் ‘ஹாஸ்டலில் சேர்த்தாவது படிக்கட்டும்’ என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு பிள்ளையை பஸ் ஏற்றிவிட்ட தாய்மார் எத்தனை பேர்! அந்தத் தாய் செய்தது கைவிடுதல் ஆகாது. பிள்ளைக்கு வழி பார்த்தது. அந்த வழியின் மறுமுனையில் என்ன இருக்கிறது என்பது அவளுக்குத் தெரியாது.

நேபாளத்தில் இது இன்னும் கொடுமையாக நடந்தது. 1996 முதல் 2006 வரை அங்கே உள்நாட்டுப் போர். வடமேற்கு மூலையில் ஹும்லா என்று ஒரு மலை மாவட்டம். அப்போது அங்கே சாலை கிடையாது. மாவோயிஸ்ட் கிளர்ச்சியாளர்கள் வீட்டுக்கு ஒரு பிள்ளையைப் படைக்குக் கேட்பார்கள் என்ற பயம் ஊர்களைப் பிடித்து ஆட்டியது. தரகர்கள் வந்து, “காத்மாண்டுவில் பத்திரமாக வைத்துப் படிக்க வைக்கிறோம்” என்றார்கள். பெற்றோர்கள் நிலத்தையும் மாட்டையும் விற்று அவர்களிடம் பணத்தையும் கொடுத்துப் பிள்ளையையும் கொடுத்தார்கள். நகரத்துக்கு வந்ததும் பல பிள்ளைகளின் பெயர் மாறியது. பெற்றோர் இறந்துவிட்டதாகக் காகிதம் தயாரானது. பார்வையாளர்கள் கேட்டால் அப்பா அம்மா இல்லை என்று சொல்லப் பிள்ளைகளைப் பழக்கினார்கள்.

இப்படி உருவாக்கப்பட்டவர்களைக் ‘காகித அனாதைகள்’ என்று அழைக்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் கிரிஃபித் பல்கலைக்கழகத்தில் சட்டம் கற்பிக்கும் கேட் வான் டோர் இந்தச் சொல்லை விரிவாக எடுத்துப் பேசியவர். அவர் வெளியே நின்று விமர்சித்தவர் அல்லர். நேபாளத்திலும் உகாண்டாவிலும் இல்லங்களுக்கு ஆதரவு தந்த ஓர் அமைப்பைத் தொடங்கியவர்களில் ஒருவர். தாங்கள் அனாதைகள் என்று நம்பி வளர்த்த பிள்ளைகளுக்குக் குடும்பம் இருக்கிறது என்று தெரிந்தபோது, அவரது அமைப்பு பிள்ளைகளைக் குடும்பத்தோடு சேர்க்கும் வேலைக்கு மாறியது.

நேபாளத்தின் 75 மாவட்டங்களில் (இப்போது 77), இல்லங்களில் மிகப் பெரும்பாலானவை காத்மாண்டு, லலித்பூர், பக்தபூர், பொக்காரா இருக்கும் காஸ்கி, சித்வன் என்ற ஐந்து மாவட்டங்களில் குவிந்திருந்தன. வரைபடத்தை எடுத்துப் பார்த்தால் இந்த ஐந்தும் சுற்றுலாப் பயணிகள் போகும் இடங்கள் என்பது உடனே தெரியும். அங்குள்ள இல்லத்துப் பிள்ளைகளில் 85 சதவீதம் பேருக்காவது பெற்றோரில் ஒருவர் இருக்கிறார் என்று யுனிசெஃப் சொன்னது. ஏழ்மை மிகுந்த ஹும்லா அந்த ஐந்தில் இல்லை, பிள்ளைகள் மட்டும் அங்கிருந்து வந்தார்கள்.

பணம் எந்தப் பக்கம் ஓடுகிறது?

“நான் போகவில்லை என்றால் அந்தப் பிள்ளைகளுக்குச் சோறு போடுவது யார், சித்தி?” என்று அக்கா மகள் கேட்டாள்.

நியாயமான கேள்வி. இங்கே கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். ஒரு வாலண்டியர் வருகிறார் என்றால் அவரோடு பணம் வருகிறது. ஏஜென்சிக்குக் கட்டிய கட்டணத்தில் ஒரு பங்கு, நேரில் கொடுக்கும் நன்கொடை, ஊருக்குத் திரும்பிய பிறகு நண்பர்களிடம் திரட்டி அனுப்பும் தொகை, வருடக்கணக்கில் தொடரும் ஸ்பான்சர் பணம். இந்தப் பணம் வருவதற்கு ஓர் இல்லத்தில் என்ன இருக்க வேண்டும்? பிள்ளைகள் இருக்க வேண்டும். அதுவும் சின்னப் பிள்ளைகளாக, பார்த்ததும் மனம் இளகும்படி இருக்க வேண்டும். பிள்ளைகள் வீடு திரும்பிவிட்டால் கட்டில் காலியாகும், பணம் நின்றுவிடும். நல்ல எண்ணத்தோடு நடத்தும் இல்லத்துக்கும் இந்த நெருக்கடி உண்டு. கெட்ட எண்ணத்தோடு நடத்துகிறவருக்கோ இது கணக்குப் புத்தகம். பிள்ளைகளை வேண்டுமென்றே இளைக்கவிட்டு, கிழிந்த துணியில் வைத்திருந்த இல்லங்கள் இருந்தன. மெலிந்த பிள்ளையைப் பார்த்தால் கூடுதல் நன்கொடை வரும். சியெம் ரீப்பில் இரவு நேரம் பிள்ளைகள் தெருவுக்கு வந்து சுற்றுலாப் பயணிகளிடம் நோட்டீஸ் கொடுத்துத் தங்கள் இல்லத்தில் நடக்கும் நடன நிகழ்ச்சிக்குக் கூப்பிடுவதும் நடந்தது. மறுநாள் பள்ளி போக வேண்டிய பிள்ளைகள் அவர்கள்.

ஆகவே அவள் கேட்ட கேள்விக்கு என் பதில் இது. சோறு போட அந்தப் பணம் போகிறது என்று வைத்துக்கொண்டாலும், அந்தப் பிள்ளை தன் வீட்டில் சாப்பிடாமல் இங்கே வந்து சாப்பிடுவதற்கும் அதே பணம் காரணமாகிவிட்டது. தேவை இருப்பதால் இல்லம் வந்தது என்று நினைக்கிறோம். பல இடங்களில் கொடுப்பவர்கள் வந்ததால் இல்லம் வந்தது, இல்லம் வந்ததால் பிள்ளைகளைத் தேடிப் போனார்கள்.

ஆஸ்திரேலியப் பெண் டாரா விங்க்லர் இதை வாழ்ந்தே கற்றவர். அவரைப் பற்றி அக்கா மகளிடம் சொன்னபோதுதான் அவள் முதல்முறையாக யோசிக்கத் தொடங்கினாள். டாரா இளம் வயதில் கம்போடியாவுக்குச் சுற்றுலா போனார். அங்கே ஓர் இல்லத்தைப் பார்த்து உருகிப்போய், ஊரில் பணம் திரட்டிக் கொடுத்தார். பிறகு திரும்பிப் போனபோது அந்த இல்லத்தில் பிள்ளைகள் பட்டினி கிடப்பதையும், கொடுமைகள் நடப்பதையும், தான் திரட்டிய பணம் பிள்ளைகளுக்குப் போய்ச் சேரவே இல்லை என்பதையும் கண்டார். 2007-இல் 14 பிள்ளைகளை அங்கிருந்து மீட்டு, பட்டம்பாங் நகரில் தானே ஓர் இல்லம் தொடங்கினார். நல்ல இல்லம். ஆனால் கம்போடியர்கள் பேசும் கெமர் மொழி நன்றாகப் பழகிய பிறகு, பிள்ளைகள் மனம் விட்டுப் பேசத் தொடங்கிய பிறகு, அவர்களில் பெரும்பாலோருக்குக் குடும்பம் இருப்பது தெரியவந்தது. நல்ல இல்லமும் குடும்பத்துக்கு ஈடாகாது என்று உணர்ந்து, அவர் தன் அமைப்பையே மாற்றினார். பிள்ளைகளைக் குடும்பத்தோடு சேர்ப்பதும், பிரியும் நிலையில் உள்ள குடும்பங்களைத் தாங்குவதும் அதன் வேலையாயிற்று. மொழி தெரிந்த பிறகுதான் அவருக்கு உண்மை தெரிந்தது என்பதைக் கவனியுங்கள். இரண்டு வாரத்தில் யாருக்கும் அந்த மொழி வராது.

மடியில் வந்து ஏறும் குழந்தை

“சரி, பணத்தை விடுங்க. இரண்டு வாரம் நான் அன்பா இருந்துட்டு வந்தா அதுல என்ன தப்பு?” இது அவளுடைய அடுத்த கேள்வி. இதற்குப் பதில் சொல்லத்தான் எனக்கு அதிக நேரம் ஆயிற்று. இந்த விஷயத்தின் உயிர்நாடியும் இதுதான் என்று நினைக்கிறேன்.

ஏழாம் மாதம், எட்டாம் மாதம் ஆகும்போது வீட்டுக்கு வந்த விருந்தாளி தூக்கினால் குழந்தை உதட்டைப் பிதுக்கி வீறிட்டு அழும். அம்மாவிடம் தாவும். “ஆள் முகம் தெரிய ஆரம்பிச்சிடுச்சு” என்று பாட்டி சிரித்துக்கொண்டே சொல்வாள். அந்த அழுகை நல்ல அறிகுறி. தன்னைக் காக்கிற ஆள் யார், மற்றவர் யார் என்று குழந்தைக்குப் பிரித்துத் தெரிகிறது. பிரிட்டிஷ் மனநல மருத்துவர் ஜான் பௌல்பி இதைத்தான் கோட்பாடாக எழுதினார். உலக சுகாதார நிறுவனத்துக்காக 1951-இல் அவர் எழுதிய அறிக்கையில், சிறு குழந்தையின் மன நலத்துக்குத் தாயோடோ தாய்க்கு இணையாக நிலைத்திருக்கும் ஒருவரோடோ இடையறாத நெருக்கமான உறவு தேவை என்று சொன்னார். மாறி மாறி வரும் பத்துப் பேரின் பாசம் அந்த ஒருவருக்கு ஈடாகாது.

இல்லத்தில் வளர்ந்த குழந்தையைப் பாருங்கள். முன்பின் தெரியாத நீங்கள் வாசலில் நுழைந்ததும் ஓடி வந்து கையைப் பிடிக்கும். ஐந்து நிமிடத்தில் மடியில் ஏறும். கழுத்தைக் கட்டிக்கொள்ளும். ‘எவ்வளவு பாசமான பிள்ளைகள்!’ என்று நெகிழ்ந்துபோய் எழுதுகிறோம். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நெகிழ்ந்தேன். ஆனால் நம் வீட்டு நான்கு வயதுப் பிள்ளை தெருவில் போகிற எவரிடமும் இப்படி ஓடினால் நமக்கு வயிற்றைப் பிசையாதா? யாரிடமும் ஒட்டிக்கொள்ளும் இந்தப் பழக்கம், ஒருவரிடமும் நிலையாக ஒட்ட முடியாமல் போனதன் அடையாளம் என்று குழந்தை மனநல ஆய்வாளர்கள் சொல்கிறார்கள்.

ருமேனியாவில் சர்வாதிகாரி சௌஷெஸ்குவின் ஆட்சி 1989-இல் கவிழ்ந்தபோது, அரசு இல்லங்களில் அடைந்து கிடந்த லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளை உலகம் பார்த்தது. அவர்களிலும் மிகப் பெரும்பாலோர் பெற்றோரை இழந்தவர்கள் அல்லர். கருத்தடைக்கும் கருக்கலைப்புக்கும் தடை போட்டு வறுமையில் பிள்ளை பெற வைத்த ஆட்சியின் பிள்ளைகள். அங்கே புக்கரெஸ்ட் நகரில் 2000-ஆம் ஆண்டு சார்லஸ் நெல்சன், நேதன் ஃபாக்ஸ், சார்லஸ் ஸீனா என்ற மூன்று அமெரிக்க அறிஞர்கள் ஓர் ஆய்வைத் தொடங்கினார்கள். இல்லங்களிலிருந்த 136 சிறு குழந்தைகளில் பாதிப் பேர், குலுக்கல் முறையில், வளர்ப்புக் குடும்பங்களுக்குப் போனார்கள். மற்றவர்கள் வழக்கமான பராமரிப்பில் தொடர்ந்தார்கள். நாலரை வயதில் அறிவுத்திறனை (ஐ.க்யூ.) அளந்தபோது இல்லப் பராமரிப்பில் விடப்பட்டவர்களின் சராசரி 73. வளர்ப்புக் குடும்பத்துக்குப் போனவர்களுக்கு 81. பிறந்ததிலிருந்து தங்கள் வீட்டிலேயே வளர்ந்த அதே ஊர்ப் பிள்ளைகளுக்கு 109. இரண்டு வயதுக்குள் குடும்பத்துக்குப் போனவர்கள், பிந்திப் போனவர்களைவிட நன்றாகத் தேறினார்கள். அந்த இல்லங்களில் சோறு இருந்தது, கூரை இருந்தது, மருத்துவரும் வந்து போனார். இல்லாமல் போனது தனக்கே தனக்கென்று ஓர் ஆள்.

இப்போது இரண்டு வார வாலண்டியருக்கு வருவோம். குழந்தை ஒட்டுகிறது. பதினான்காம் நாள் அவர் கண்ணீரோடு கிளம்புகிறார். மறுநாள் இன்னொருவர் வருகிறார். அவரும் போகிறார். வருடத்துக்கு இருபது முப்பது பேர் என்று வைத்தால், பத்து வயதுக்குள் அந்தப் பிள்ளை எத்தனை முறை பிரிவைப் பார்த்திருக்கும்? வந்தவருக்கு அது ஒரே ஒரு பிரியாவிடை. பிள்ளைக்கு இன்னொன்று. அக்கா மகள் இதைக் கேட்டு வெகுநேரம் பேசாமல் இருந்தாள்.

இதோடு பாதுகாப்பு என்று ஒன்று இருக்கிறது. மெல்பர்னில் ஒரு பாலர் பள்ளியில் உதவப் போனால் முதலில் காவல் துறை வழியாகப் பின்னணி பார்ப்பார்கள். குழந்தைகளோடு வேலை செய்யத் தகுதிச் சான்று கேட்பார்கள். கையில் கேமராவோடு வந்து பிள்ளையைத் தூக்கிப் படம் எடுத்துவிட்டுப் போக எந்தத் தாயும் விடமாட்டாள். ஏழை நாட்டு இல்லம் என்றதும் இந்த வேலிகள் எல்லாம் விழுந்துவிடுகின்றன. இதைத் தேடியே போகிறவர்கள் இருக்கிறார்கள். மலேசியாவில் ஆங்கிலம் கற்பிப்பவராகவும் தொண்டராகவும் ஏழைக் குடும்பங்களோடு பழகிப் பிள்ளைகளைச் சிதைத்த ஒரு பிரிட்டிஷ்காரனுக்கு 2016-இல் லண்டன் நீதிமன்றம் 22 ஆயுள் தண்டனைகள் விதித்தது. நல்லவர்களுக்காகத் திறந்து வைத்த கதவு எல்லோருக்கும் திறந்துதான் இருக்கும்.

உலகம் எப்படி மாறி வருகிறது

2009-இல் ஐ.நா. பொதுச்சபை, பெற்றோர் பராமரிப்பு கிடைக்காத குழந்தைகளுக்கான வழிகாட்டு நெறிகளை ஏற்றது. அதில் முக்கியமான ஒன்று, வறுமை என்ற ஒரே காரணத்துக்காக எந்தக் குழந்தையையும் குடும்பத்திலிருந்து பிரிக்கக் கூடாது என்பது. 2011-இல் கம்போடியாவில் ‘குழந்தைகள் சுற்றுலாக் காட்சிப்பொருள் அல்லர்’ என்று பெரிய பிரசாரம் நடந்தது. 2015-இல் நேபாளத்தில் நிலநடுக்கம் வந்து ஏறத்தாழ 9,000 பேர் இறந்தபோது, தரகர்கள் கிராமங்களுக்குப் பாய்வார்கள் என்று முன்கூட்டியே பயந்த அரசு, அனுமதியின்றிப் பிள்ளைகளை மாவட்டம் விட்டு மாவட்டம் கொண்டுபோவதைத் தடுத்தது. ஆஸ்திரேலியா 2018-இல் இயற்றிய நவீன அடிமைத்தனச் சட்டத்தை ஒட்டி, இல்லங்களுக்காகப் பிள்ளைகளைக் கடத்துவதையும் நவீன அடிமைத்தனமாகக் கருதும் முதல் நாடானது. ஐ.நா. பொதுச்சபையின் 2019 தீர்மானம், இல்லங்களில் வாலண்டியர் சுற்றுலா பிள்ளைக் கடத்தலுக்கு வழி செய்யலாம் என்று வெளிப்படையாகவே எச்சரித்தது. பெரிய பயண நிறுவனங்களில் சில, இல்லப் பயணங்களைக் கைவிட்டன.

இவை எல்லாவற்றையும்விட ருவாண்டாவின் கதை எனக்குப் பிடித்தது. 1994 இனப்படுகொலையில் எண்ணற்ற பிள்ளைகள் உண்மையாகவே பெற்றோரை இழந்த நாடு அது. 2012-இல் இல்லங்களைப் படிப்படியாகக் குறைத்துப் பிள்ளைகளைக் குடும்பங்களில் வளர்க்கும் கொள்கையை எடுத்தது. ஊர்தோறும் ஓர் ஆண், ஒரு பெண் என்று இருவரைத் தேர்ந்தெடுத்தார்கள். ‘இன்ஷுதி ஸ் உமுர்யாங்கோ’, அதாவது ‘குடும்பத்தின் நண்பர்கள்’ என்று அவர்களுக்குப் பெயர். நாடு முழுவதும் சுமார் 30,000 பேர். எந்த வீட்டில் பிள்ளைக்கு அடி விழுகிறது, எந்தப் பாட்டிக்கு உடம்பு முடியவில்லை, எந்தப் பிள்ளை பள்ளிக்கு வரவில்லை என்று அவர்களுக்குத் தெரியும். மொழி தெரியும், உறவு முறை தெரியும், இரண்டு வாரத்தில் ஊரை விட்டுப் போக மாட்டார்கள். இவர்களும் தன்னார்வலர்கள்தான்.

“அப்போ நான் என்னதான் பண்ணட்டும்?”

ஆசிரியப் பயிற்சி, பிசியோதெரபி, பேச்சுப் பயிற்சி, கணக்குப் பதிவியல் என்று கையில் ஒரு தொழில் இருந்தால், அங்குள்ள பணியாளர்களுக்கு அதைக் கற்றுத்தரலாம். அந்த அறிவு அங்கேயே தங்கும். பிள்ளைகளோடு நேரடித் தொடர்பே வேண்டாம். தொழில் எதுவும் இன்னும் கைவரவில்லை என்றால் சாதாரணப் பயணியாகப் போய், உள்ளூர்க்காரர் வீட்டில் தங்கி, உள்ளூர் உணவகத்தில் சாப்பிட்டு வரலாம். அந்தக் காசு ஒரு தகப்பனின் சம்பளமாகும். விமான டிக்கெட்டுக்கும் ஏஜென்சிக்கும் ஆகும் தொகையைக் குடும்பங்களைச் சேர்த்து வைக்கும் அமைப்புகளுக்கு அனுப்பலாம். நேபாளத்தில் மலைக் கிராமங்களுக்கு நடந்தே போய்ப் பெற்றோரைத் தேடிக் கண்டுபிடிக்கும் ‘நெக்ஸ்ட் ஜெனரேஷன் நேபால்’ போன்றவை உண்டு.

எந்த அமைப்பானாலும் சிலவற்றை நேராகக் கேட்க வேண்டும். பிள்ளைகளில் எத்தனை பேருக்குக் குடும்பம் இருக்கிறது? போன வருடம் எத்தனை பேர் வீடு திரும்பினார்கள்? திரும்பியவர்களைப் போய்ப் பார்க்கிறீர்களா? ஏன் உள்ளூர்ப் பெண்ணுக்குச் சம்பளம் கொடுத்து அமர்த்தாமல் என்னிடம் கட்டணம் வாங்கி என்னை அமர்த்துகிறீர்கள்? பின்னணிச் சான்று கேட்காமலே வரச் சொன்னால் அதுவே பதில்.

இதைப் பேசும்போது நம் பக்கமும் கொஞ்சம் பார்க்கத் தோன்றுகிறது. போருக்குப் பிறகு இலங்கையின் வடக்கு, கிழக்கில் புலம்பெயர்ந்த தமிழர் பலர் சிறுவர் இல்லங்களைத் தாங்கி வந்திருக்கிறார்கள். தாய் இருந்தும், கணவனை இழந்த அவளால் வளர்க்க முடியாமல் இல்லத்துக்கு வந்த பிள்ளைகள் அங்கேயும் உண்டு. அந்தத் தாய்க்கே மாதம் ஒரு தொகை போனால் பிள்ளை வீட்டில் இருக்கும். தமிழ்நாட்டில் பிறந்தநாளுக்கு இல்லத்தில் சாப்பாடு போடுகிறோம். நல்ல பழக்கம்தான். ஆனால் கேக் வெட்டும்வரை பிள்ளைகளைத் தட்டின் முன் காக்க வைத்துப் பாட்டுப் பாடச் சொல்வதும், படம் எடுத்துப் போடுவதும் வேண்டாமே. பராமரிப்பில் உள்ள குழந்தையை அடையாளம் காட்டும் படத்தை ஊடகங்களில் வெளியிடுவதை 2015-இன் இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு தடுக்கிறது. ஒன்றிய அரசின் மிஷன் வாத்ஸல்யா திட்டத்தில், தகுதியுள்ள குடும்பங்களுக்குப் பிள்ளையை வீட்டிலேயே வளர்க்க மாதம் ₹4,000 தருகிறார்கள். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பிக்கலாம். தெரிந்த ஒரு பாட்டிக்கு அந்த விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுப்பது ஒரு முழுநாள் வேலை. அந்த ஒரு நாளைக் கொடுக்க ஆள் வேண்டும்.

உண்மையிலேயே யாருமில்லாத பிள்ளைகளும் இருக்கிறார்கள். வீட்டில் அடியும் வதையும் தாங்க முடியாமல் வந்தவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு உறவினர், வளர்ப்புக் குடும்பம், தத்து என்று வழிகள் உண்டு. அவை அமையும்வரை சிறிய, நன்றாக நடக்கும் இல்லமும் தேவைப்படலாம். எல்லா இல்லத்தையும் நாளையே பூட்டச் சொல்லவில்லை. அவசரமாகப் பூட்டினால் பிள்ளைகள் தெருவுக்கு வருவார்கள். ஒரு பிள்ளையை வீட்டில் சேர்ப்பதென்றால் முதலில் குடும்பத்தைப் பார்க்க வேண்டும். பல வருடம் பிரிந்த தாயும் பிள்ளையும் பழக வேண்டும். பள்ளிக்கும் சாப்பாட்டுக்கும் ஏற்பாடு வேண்டும். பிறகும் மாதக்கணக்கில் போய்ப் பார்த்து வர வேண்டும்.

ஏற்கெனவே ஓர் இல்லத்தோடு பழக்கம் வைத்திருப்பவர்கள் சட்டென்று பணத்தை நிறுத்திவிட்டு ஒதுங்க வேண்டாம். அடுத்த தவணையோடு ஒரு கடிதம் அனுப்புங்கள். இந்தப் பணத்தில் ஒரு சமூகப் பணியாளரை அமர்த்தி, எந்தெந்தப் பிள்ளை வீடு திரும்பலாம் என்று பார்க்க முடியுமா என்று கேளுங்கள். நடத்துகிறவர் நல்லவரானால் இந்தப் பேச்சை அவரும் வரவேற்பார். ஒரு பிள்ளையோடு கடிதத் தொடர்பு இருந்தால் அதைப் பாதியில் விடாதீர்கள். இல்லத்தின் பொறுப்பாளர் வழியாகவே, வாக்குறுதி எதுவும் கொடுக்காமல், சின்னதாகத் தொடருங்கள்.

அக்கா மகள் கம்போடியா போகிறாள். அங்கோர் வாட் பார்க்கப் போகிறாள். கட்ட இருந்த ஏஜென்சிப் பணத்தில் பாதியைக் குடும்பங்களைச் சேர்க்கும் ஓர் அமைப்புக்கு அனுப்பிவிட்டாள். படிப்பு முடித்துப் பேச்சுப் பயிற்சியாளர் ஆன பிறகு, அங்குள்ள ஆசிரியர்களுக்குக் கற்றுத்தர முடியுமா என்று இப்போதே ஓர் அமைப்பிடம் எழுதிக் கேட்டிருக்கிறாள். கெமர் மொழி எழுத்துகளைப் பழக ஆரம்பித்திருப்பதாக நேற்று போனில் சொன்னாள்.